கையைத் தூக்கிப் பார், மகளே

கேள்வி: ஆவணியில் எனக்குத் திருமணம். காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம், திருவந்திபுரம் கோயில் மலையில். மாலை வரவேற்பு புதுச்சேரி மண்டபத்தில். அப்பா இல்லை; நானும் அம்மாவும்தான் எல்லாம் பார்க்கிறோம். பட்டியல் எழுதியே நோட்டு நிறைந்துவிட்டது. எதை முதலில் கவனிப்பது?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: மகளே, நோட்டை ஒருநாள் மூடி வை. முப்பது ஆண்டுகளாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண ரவிக்கை தைக்கிறேன். முகூர்த்த வேளையில் மணப்பெண்கள் கண் கலங்கி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்கு உடுப்பும் பசியும்தான் காரணம்.

ரவிக்கையை ஒரு மாதம் முன்பே வாங்கிவிடு. உள்பக்கம் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல். அலைச்சலில் இளைத்துப் போகிறவர்கள் உண்டு, உறவினர் வீட்டு விருந்தில் சற்றுப் பூசினாற்போல் ஆகிறவர்களும் உண்டு. துணி இருந்தால் பிடிக்கவும் பிரிக்கவும் பத்து நிமிடம் போதும். ஆரி வேலை (ஊசியால் செய்யும் பூவேலைப்பாடு) செய்த ரவிக்கைக் கை இறுகிவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குக் கூடுதலாகவே அளவு விடச் சொல். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்றால் போதாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கு. மாலை மாற்றும்போது அப்படித்தானே தூக்கப் போகிறாய்! ஒரு பெண்ணுக்கு அக்குள் பக்கம் அரை அங்குலம் இறுக்கித் தைத்துவிட்டேன். மாலையைத் தூக்கியதும் தையல் விட்டுப்போயிற்று. முந்தானையால் தோளைப் போர்த்தியபடியே தாலி கட்டிக்கொண்டாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதன்பின், கையைத் தூக்கிக் காட்டாத மணப்பெண் யாரிடமும் நான் ரவிக்கையைக் கொடுத்தனுப்பியதில்லை.

முகூர்த்தப் புடவையையும் ஒருநாள் வீட்டில் உடுத்து. சம்மணமிட்டு அரை மணி உட்கார், மாடிப்படி ஏறி இறங்கு. மலைக்குப் படி ஏற வேண்டும். கொசுவம் காலில் தட்டக் கூடாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து பக்கம்தானே என்று இருந்துவிடாதே. ஆவணி முகூர்த்த நாளில் நூறு கல்யாணம்கூட அங்கே நடப்பதுண்டு. ஊருக்கு வெளியிலேயே வண்டிகள் நின்றுவிடும். நாலு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். புரோகிதரின் முகம் தெரிந்த ஒரு தம்பியைப் படிக்கட்டு அடியிலேயே நிறுத்தி வையுங்கள். கிளம்பும்முன் இரண்டு இட்லி சாப்பிடு. தாலி ஏறும்வரை விரதம் என்று பெரியவர்கள் சொன்னால், பாலும் பழமுமாவது கேட்டு வாங்கிக்கொள். மதியம் கதவைத் தாழிட்டு இரண்டு மணி நேரம் தூங்கு. வரவேற்புப் படங்களில் அந்தத் தூக்கத்தின் தெளிவு தெரியும்.

கோயில் அலுவலகத்துக்கு இந்த வாரமே அம்மாவோடு நேரில் போய், என்னென்ன சான்று வேண்டும் என்று எழுதிக்கொண்டு வா. வயதுச் சான்றும் முதல் திருமணம் என்பதற்கான சான்றும் பொதுவாகக் கேட்பார்கள். வரவேற்பு புதுச்சேரியில் நடந்தாலும் தாலி ஏறுவது கடலூர் மாவட்டத்தில். ஆகவே தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை அவகாசம் உண்டு. மறுவீடு, விருந்து என்று நாள் ஓடிவிடும். பதிவுக்காக அழைப்பிதழில் இரண்டைப் பத்திரமாக எடுத்து வை.

கேள்வி: வரவேற்புக்கு வாடகை நகை போதும் என்கிறாள் என் மகள். சொந்தக்காரர்கள் மட்டமாகப் பேசுவார்களோ என்று எனக்குத் தயக்கம்.
- ஒரு தாய், முத்தியால்பேட்டை

பதில்: சகோதரி, ஒரு மாலை நேரத்துக்காகக் கடன் வாங்காமல் இருக்க நினைக்கிறாள் உங்கள் பெண். அவள் விருப்பப்படியே செய்யுங்கள். நகையை வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல் உதிர்ந்த இடம் இருந்தால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மறுநாள் திருப்பிக் கொடுக்கிற பொறுப்பை மணப்பெண்ணிடம் விடாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.