யூரோப்பியன் பிசினஸ் லா சம்மர் கோர்ஸ்: இந்த தடவை வந்த கேள்விகள்

ஜூலை கோர்ஸுக்கு அப்ளை பண்ற சீசன் வந்தாலே கேள்வி குவிஞ்சிடும். ஒரே மாதிரி வந்ததெல்லாம் சேர்த்து ஒண்ணா போட்டிருக்கேன். ட்ரீட்டின்னா என்ன, டைரக்டிவ்னா என்னன்னு அடியிலேருந்து ஆரம்பிக்கல, அது தெரிஞ்சவங்கதான் இதெல்லாம் கேக்கறீங்கன்னு வச்சுக்கறேன்.

அக்கா, நாலாவது வருஷம் எல்எல்பி படிக்கிறேன். மூணு வாரம் சம்மர் கோர்ஸ் முடிச்சா ஜெர்மனில வக்கீலா ப்ராக்டிஸ் பண்ணலாமா?

முடியாது. அங்க பொறந்து வளர்ந்த பசங்களே ரெண்டு ஸ்டேட் எக்ஸாம், நடுவுல ரெண்டு வருஷம் ட்ரெயினிங்னு போயிட்டுதான் கோட் போடறாங்க. மூணு வாரத்துல கிடைக்கறது ஒரு சர்டிஃபிகேட், கொஞ்சம் கிரெடிட், அப்புறம் ஈயூ லாவை, அதாவது ஐரோப்பிய யூனியன் சட்டத்தை, எப்படி படிக்கணும்ங்கற பழக்கம். அந்த பழக்கம் பின்னாடி எல்எல்எம் போனா ரொம்ப உதவும். "ப்ராக்டிஸ் பண்ணலாம்"னு யாராவது ஏஜென்ட் சொன்னா எழுத்துல வாங்குங்க, தரமாட்டாங்க.

ஒரு கோர்ஸ்ல ரெண்டு வாரத்துக்கு 10 இசிடிஎஸ் கிரெடிட்னு போட்டிருக்கு. நம்பலாமா?

கணக்கு போட்டு பாருங்க. இசிடிஎஸ்ங்கறது யூரோப் காலேஜ்கள்ல படிப்பை அளக்கற கணக்கு, அதுல ஒரு கிரெடிட்னா 25லேருந்து 30 மணி நேரம் உழைப்பு. பத்து கிரெடிட்னா குறைஞ்சது 250 மணி நேரம், அதை 14 நாளால வகுத்தா தினம் 18 மணி நேரம் வருது, சாப்பாடு தூக்கம் எல்லாம் மிச்சம் ஆறு மணி நேரத்துல. போறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய பெரிய ரீடிங்கும் திரும்பி வந்து எழுதற பேப்பரும் சேர்த்துதான் அந்த பத்துன்னா சரி, ஆனா அப்படித்தானான்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. வெறும் கிளாஸும் பரீட்சையும் மட்டும்னா ரெண்டு வாரத்துக்கு மூணு நாலு கிரெடிட் நியாயம். உங்க காலேஜ் அந்த கிரெடிட்டை ஏத்துக்குமான்றது தனிக் கேள்வி, அதுக்கு பதில் உங்க டீன்கிட்டதான் இருக்கு, என்கிட்ட இல்ல.

மாமாவோட கம்பெனி இத்தாலி கோர்ட்ல தோத்துடுச்சு. ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கற ஈயூ கோர்ட்ல அப்பீல் போலாமா? கோர்ஸ்ல இதை சொல்லிக்கொடுப்பாங்களா?

ஒரே கேள்வியில ரெண்டு தப்பு. ஈயூ கோர்ட் இருக்கறது லக்ஸம்பர்க்ல. ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கறது மனித உரிமை கோர்ட், அது கவுன்சில் ஆஃப் யூரோப்போடது, அது ஈயூவே இல்ல, 46 நாடு இருக்கற வேற அமைப்பு. (ஈயூ பார்லிமென்ட்டும் ஸ்ட்ராஸ்பர்க்ல கூடறதால குழப்பம் வருது, புரியுது, ஆனா லா படிக்கறவங்க குழம்பக்கூடாது.) ரெண்டாவது, லக்ஸம்பர்க் கோர்ட் இத்தாலி கோர்ட்டுக்கு மேல இருக்கற அப்பீல் கோர்ட் கிடையாது. கேஸ் நடக்கும்போதே அந்த ஊர் ஜட்ஜ் ஈயூ ட்ரீட்டியோட ஆர்ட்டிகிள் 267 கீழ ஒரு கேள்வி அனுப்பலாம், கோர்ட் சட்டத்தோட அர்த்தத்தை மட்டும் சொல்லும், தீர்ப்பு சொல்ற வேலை திரும்ப அந்த ஊர் ஜட்ஜோடதுதான். மாமாவ இத்தாலியிலேயே ஒரு வக்கீலை உடனே பாக்க சொல்லுங்க, அப்பீல் கெடு ஓடிட்டிருக்கும்.

நெதர்லாண்ட்ஸ்ல ரெண்டு வாரம் கோர்ஸ், அப்புறம் பாரிஸ், ரோம் பாத்துட்டு வரலாம்னு பிளான். டிக்கெட் போட்டாச்சு. விசா எப்ப அப்ளை பண்ணணும்?

டிக்கெட் ஏன் போட்டீங்க? விசா வராம டிக்கெட் போடாதீங்கன்னு வருஷா வருஷம் சொல்றேன், வருஷா வருஷம் நாலு பேர் போட்டுட்டு எழுதறீங்க. ஷெங்கன் விசாவுக்கு (ஒரே விசாவுல யூரோப்ல பல நாடு போகலாம், அது) ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம். 15 நாள்ல முடிவு சொல்லணும்ங்கறது விதி, ஆனா 45 நாள் வரைக்கும் இழுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, அதுக்கு மேல கோடையில அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே பெரிய பாடு. ஃபீஸ் 90 யூரோ, ரிஜெக்ட் ஆனா திரும்ப வராது. இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு வேணும். எந்த நாட்ல அதிக நாள் இருக்கீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், உங்க கேஸ்ல நெதர்லாண்ட்ஸ். ரோம்ல மூணு வாரம் தங்கிட்டு டச் விசா கேட்டா அது தப்பு.

லண்டன்ல நடக்கற ஈயூ லா கோர்ஸுக்கும் அதே விசா போதுமா?

போதாது. பிரிட்டன் 2020லயே ஈயூவை விட்டு போயிடுச்சு, ஷெங்கன்ல எப்பவுமே இல்ல. அயர்லாந்து ஈயூல இருக்கு, ஆனா அதுவும் ஷெங்கன் இல்ல.

எல்லா கேஸுக்கும் நெட்ல ரெண்டு பக்கம் சம்மரி கிடைக்குது, இப்ப ஏஐகிட்ட கேட்டா அஞ்சு பாயின்ட்ல தந்துடுது. ரீடிங் லிஸ்ட்ல இருக்கற ஜட்ஜ்மென்ட்டை எல்லாம் முழுசா படிக்கணுமா?

படிக்கணும். இது நான் கொஞ்சம் நிறையவே பேசற விஷயம், பொறுத்துக்கோங்க, ஏன்னா நல்ல பசங்க இங்கதான் வழுக்கி விழறாங்க.

முதல்ல, முழுசான்னா ஏதோ ஐநூறு பக்கம்னு நெனைக்கறீங்க. நம்ம சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு பாத்து பழகின கண்ணுக்கு அப்படி தோணும். கஸ்ஸிஸ் த டிஜோன் இருக்கே, 1979 கேஸ், சரக்குகளோட சுதந்திர நடமாட்டத்துக்கு அடித்தளமே அதுதான், அந்த ஜட்ஜ்மென்ட் மொத்தமே 15 பாரா. ஒரு டீ குடிக்கற நேரம். அதுக்கு சம்மரி படிக்கறவங்கள பாத்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

சம்மரி என்ன சொல்லும்? "ஒரு நாட்ல சட்டப்படி வித்த பொருளை இன்னொரு நாடு தடுக்கக்கூடாது." அவ்ளோதான். ஜட்ஜ்மென்ட்ல என்ன இருக்கு? பழ மதுல குறைஞ்சது 25 சதவீதம் ஆல்கஹால் இருக்கணும்னு ஜெர்மனி விதி, பிரான்ஸ்லேருந்து வந்த கஸ்ஸிஸ்ங்கற பழ மதுல 15லேருந்து 20 வரைக்கும்தான். ஜெர்மனி சொன்ன வாதம் என்னன்னா, ஆல்கஹால் கம்மியான சரக்கு மார்க்கெட்டுக்கு வந்தா ஜனங்க அதுக்கு சுலபமா பழகிடுவாங்க, உடம்புக்கு கேடு. கோர்ட் அதை எப்படி உடைக்குதுன்னு பாருங்க: கம்மி ஆல்கஹால் சரக்கு ஏற்கனவே மார்க்கெட்ல ஏகப்பட்டது இருக்கு, அதோட உங்க ஊர்ல ஸ்ட்ராங்கா விக்கறதையும் பாதி பேர் தண்ணி கலந்துதானே குடிக்கறாங்க. இந்த மாதிரி ஒரு நாடு சொல்ற காரணத்தை எடுத்து, அது நிஜமா அந்த நோக்கத்துக்கு உதவுதான்னு தட்டி பாக்கற வேலைதான் இந்த சப்ஜெக்ட் மொத்தமும். சம்மரில அந்த வேலை இருக்காது, முடிவு மட்டும்தான் இருக்கும். அதே ஜட்ஜ்மென்ட்ல எட்டாவது பாராவுல பொது சுகாதாரம், நுகர்வோர் பாதுகாப்பு மாதிரி காரணத்துக்காக ஒரு நாடு தடுக்கலாம்னும் இருக்கு, அதையும் பாதி சம்மரி விட்டுடும்.

சென்ட்ரோஸ் கேஸ் இன்னும் நல்ல உதாரணம். 1999. டென்மார்க்ல கம்பெனி ஆரம்பிக்க ரெண்டு லட்சம் க்ரோனர் மூலதனம் வேணும், அதை தவிர்க்க ஒரு டேனிஷ் தம்பதி இங்கிலாந்துல நூறு பவுண்ட்ல கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணி, இங்கிலாந்துல ஒரு வியாபாரமும் பண்ணாம, டென்மார்க்ல கிளை தொறக்க கேக்கறாங்க. டென்மார்க் மறுக்குது, கோர்ட் அந்த மறுப்பு தப்புன்னு சொல்லுது. நான் ட்யூட்டரா உக்காந்த ஒரு சம்மர் கிளாஸ்ல பரீட்சையில இதுலேருந்து கேள்வி வந்தப்போ முக்கால்வாசி பேர் "ஏமாத்தறது தப்பில்லன்னு கோர்ட் சொன்னது"ன்னு எழுதினாங்க. ஒரே சம்மரி, ஒரே தப்பு, வேற வேற கையெழுத்து. கோர்ட் அப்படி சொல்லவே இல்ல. மோசடி இருந்தா அதை எதிர்த்து நடவடிக்கை எடுக்க நாட்டுக்கு உரிமை இருக்குன்னு கடைசி பாராக்கள்ல தெளிவா இருக்கு, சட்டம் லேசா இருக்கற நாட்டை தேர்ந்தெடுக்கறது மட்டுமே மோசடி ஆகாதுன்னுதான் சொல்லுது.

அந்த ஜட்ஜ்மென்ட்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் வேற. கடன் கொடுத்தவங்கள காப்பாத்தத்தான் மறுத்தோம்னு டென்மார்க் சொல்லுது. கோர்ட் கேக்குது, இதே கம்பெனி இங்கிலாந்துல கொஞ்சம் வியாபாரம் பண்ணியிருந்தா நீங்க கிளையை ரிஜிஸ்டர் பண்ணியிருப்பீங்களே, அப்பவும் உங்க ஊர்ல கடன் கொடுத்தவங்களுக்கு இதே ஆபத்துதானே? அந்த ஒரு கேள்வியில டென்மார்க் வாதம் காலி. இதை நீங்களே படிச்சு கண்டுபிடிக்கும்போது வர்ற சந்தோஷம் அஞ்சு பாயின்ட் சம்மரில வராது, கிளாஸ்ல கை தூக்கி பேச தைரியமும் அங்கதான் வருது.

எல்லா ஜட்ஜ்மென்ட்டும் கோர்ட்டோட சைட்லயும் ஈயூவோட சட்ட சைட்டான யூர்-லெக்ஸ்லயும் இலவசம். முதல்ல ஜட்ஜ்மென்ட், அப்புறம் வேணும்னா சம்மரி, ஏஐ எல்லாம். தலைகீழா பண்ணாதீங்க.

ஆர்ட்டிகிள் 85ம் 101ம் ஒண்ணா? பழைய புக்ல 81னு வேற இருக்கு.

ஒண்ணுதான், கார்டெல் தடை, அதாவது கம்பெனிங்க கூட்டு சேர்ந்து போட்டியை கெடுக்கக்கூடாதுங்கறது. முதல்ல 85, 1999 மே மாசம் ஆம்ஸ்டர்டாம் ட்ரீட்டி வந்ததும் 81, 2009 டிசம்பர்ல லிஸ்பன் வந்ததும் 101. மேல சொன்ன சென்ட்ரோஸ் வந்தது 1999 மார்ச்ல, அதனால அதுல ஆர்ட்டிகிள் 52, 58னு இருக்கும், இப்ப அது 49, 54. சீனியர் கொடுத்த பழைய நோட்ஸ் வச்சு பரீட்சையில பழைய நம்பர் எழுதாதீங்க. குறிப்பு எழுதாத சுத்தமான ட்ரீட்டி புக் ஒண்ணு பிரின்ட்ல வாங்கிக்கோங்க, ஓப்பன் புக் எக்ஸாம்னு சொன்னாலும் பல இடத்துல அதை மட்டும்தான் உள்ள விடுவாங்க. போறதுக்கு முன்னாடி 34, 36, 45, 49, 56, 63, அப்புறம் 101, 102, 107 இவ்ளோ போதும், ஆனா வார்த்தை வார்த்தையா படிங்க.

காம்படிஷன் சட்டத்தை மீறினா ஃபைன் பத்து சதவீதம்னு சொல்றாங்களே, அது லாபத்துலயா?

லாபத்துல இல்ல, மொத்த டர்னோவர்ல, அதுவும் உலக அளவுல, முந்தின வருஷத்தோடது. அதுதான் உச்சவரம்பு, எல்லாருக்கும் பத்து சதவீதம் போட்டுடுவாங்கன்னு அர்த்தம் இல்ல. கூகுள் ஷாப்பிங் கேஸ்ல 2017ல போட்டது கிட்டத்தட்ட 240 கோடி யூரோ, 2024 செப்டம்பர்ல கோர்ட் அதை உறுதி பண்ணிடுச்சு.

திருப்பூர்ல எங்களுக்கு நிட்வேர் எக்ஸ்போர்ட். ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் அனுப்பறோம். பையனை இந்த கோர்ஸுக்கு அனுப்பினா தொழிலுக்கு பிரயோஜனம் உண்டா?

உண்டு ஐயா, ஆனா எந்த கோர்ஸ்னு பாத்து அனுப்புங்க. மெர்ஜர், ஸ்டேட் எய்ட்னு மூணு வாரமும் ஓடற கோர்ஸ் உங்களுக்கு வேண்டாம். கமர்ஷியல் ஏஜென்ட், ப்ராடக்ட் சேஃப்டி, ரீச்னு சொல்ற கெமிக்கல் ரெகுலேஷன், இதெல்லாம் இருக்கான்னு சிலபஸ்ல பாருங்க. சாயத்துல சில அசோ பொருளுக்கு அந்த ரெகுலேஷன்ல தடை இருக்குன்னு உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும்.

உங்ககிட்ட முக்கியமா சொல்ல வேண்டியது ஏஜென்ட் விஷயம். உங்க சார்பா ஜெர்மனில ஆர்டர் பிடிச்சு கமிஷன் வாங்கறவர் யாராவது இருந்தா, அவரை நிறுத்தும்போது அவர் நஷ்டஈடு கேக்கலாம். 1986ல வந்த டைரக்டிவ் அது (ஈயூ நாடுங்க தங்க சட்டத்துல கொண்டு வர வேண்டிய விதி). ஜெர்மனி மாதிரி நாட்ல அதிகபட்சம் ஒரு வருஷ சராசரி கமிஷன் வரைக்கும் போகும், நிறுத்தி ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும். "எங்க ஒப்பந்தத்துல இந்திய சட்டம்தான்னு எழுதியிருக்கோம்"னு நினைச்சுக்காதீங்க. 2000ல இங்மார் கேஸ்ல கலிஃபோர்னியா கம்பெனி ஒண்ணு அதே மாதிரி கலிஃபோர்னியா சட்டம்னு எழுதி வச்சிருந்தது, ஏஜென்ட் ஈயூக்குள்ள வேலை பாத்தா அந்த பாதுகாப்பை அப்படி தாண்ட முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. பையரோட பையிங் ஏஜென்ட் வேற, அவர் உங்க ஆள் இல்ல, அவருக்கு இது பொருந்தாது. யார் யாருக்கு ஏஜென்ட்னு எழுத்துல வச்சுக்கோங்க.

கொழும்பிலிருந்து எழுதுறேன். ஜிஎஸ்பி பிளஸ் பற்றி படிக்க இந்தக் கோர்ஸ் சரிவருமா?

சரிவராது. ஜிஎஸ்பி பிளஸ்ங்கறது இலங்கை மாதிரி நாட்டு சரக்குக்கு ஈயூ தர்ற வரிச்சலுகை, அது பொது வணிகக் கொள்கை, ஆர்ட்டிகிள் 207 பக்கம், பிசினஸ் லா கோர்ஸ்ல ஒரு கிளாஸ் வந்தாலே அதிகம். ஈயூ ட்ரேட் லா, இல்லன்னா எக்ஸ்டர்னல் ரிலேஷன்ஸ்னு தலைப்பு இருக்கற கோர்ஸ் தேடுங்க. இலங்கைக்கு 2010ல நின்னு 2017ல திரும்ப வந்த கதையில 27 சர்வதேச உடன்படிக்கை சம்பந்தப்பட்டிருக்கு, கோர்ஸ் பேப்பருக்கே அது அருமையான தலைப்பு.

எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது மேடம். கிளாஸ்ல எல்லாரும் பேசணும்னு சொல்றாங்க, பயமா இருக்கு.

பயப்படாதீங்கம்மா. பக்கத்துல உக்காரற போலிஷ் பொண்ணுக்கும் இத்தாலி பையனுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்ல. கோர்ட்டே உள்ளுக்குள்ள வேலை பாக்கறது ஃப்ரெஞ்ச்ல, தீர்ப்பு 24 மொழியில வருது, அதனால இந்த உலகத்துல உடைஞ்ச இங்கிலீஷை யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல. முதல் நாளே ஒரு கேள்வி கேட்டுடுங்க, ரெண்டாம் நாளுக்கு தள்ளிப்போட்டா கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போகும். பாரா நம்பரை சொல்லி கேளுங்க, "பதினாலாவது பாராவுல இப்படி இருக்கே"ன்னு ஆரம்பிச்சா ப்ரொஃபசரே புக்கை பிரிப்பார்.

கோர்ஸ்ல ஒரு நாள் லக்ஸம்பர்க் கோர்ட் விசிட் இருக்கு. என்ன தயார் பண்ணணும்?

பாஸ்போர்ட் ஒரிஜினல் கையில வச்சுக்கோங்க. அன்னிக்கு எந்த கேஸ் விசாரணைன்னு கோர்ட் காலண்டர்ல முன்னாடியே பாத்து, அந்த கேஸ் நடக்கற நாட்டு ஜட்ஜ் என்ன கேள்வி அனுப்பியிருக்கார்னு படிச்சிட்டு போங்க. காதுல ஹெட்ஃபோன் மாட்டி மொழிபெயர்ப்பு கேக்கலாம். வக்கீல் பேசி முடிச்சதும் ஜட்ஜுங்க குறுக்கு கேள்வி கேப்பாங்க, அப்ப தூங்கிடாதீங்க.