நெறியாளரின் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். எங்களுக்குக் கட்டாயப் பாடமான ஆய்வு நெறிமுறைத் தாளை நடத்தியவர் என் நெறியாளர்தான். ஆய்வில் பங்கில்லாதவரின் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பது ஏமாற்று என்பதை ஒரு மணி நேரம் தெளிவாக விளக்கினார். இரண்டு மாதம் கழித்து எங்கள் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது, அதில் ஒரு வரியைக்கூடப் படிக்காத துறைத்தலைவரின் பெயரை இரண்டாவதாகச் சேர்த்தார். எல்லோரும் பங்களித்திருக்கிறோம் என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பியும்விட்டோம். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது இதைத்தானா? அறத்தைப் பாடமாகப் படித்து என்ன பயன்?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பழமொழி பொருந்துகிறது. ஆனால் அது உங்கள் நெறியாளரை வேடதாரி என்று தீர்ப்பளித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவ்வளவு விரைவாக அந்த முடிவுக்கு வர எனக்குத் தயக்கம் இருக்கிறது.

உங்கள் கேள்வியை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர்களான எரிக் ஷ்விட்ஸ்கெபெலும் ஜோஷுவா ரஸ்டும் அறவியல் கற்பிக்கும் பேராசிரியர்களைப் பிற பேராசிரியர்களோடு ஒப்பிட்டார்கள். தேர்தலில் வாக்களிப்பது, மாணவர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது போன்ற எளிய கடமைகளில்கூட அறவியலாளர்கள் மற்றவர்களை விட மேலாக நடந்துகொள்ளவில்லை. பாலூட்டிகளின் இறைச்சியை உண்பது தவறு என்று அறவியலாளர்களில் 60 சதவீதத்தினர் சொன்னார்கள். தத்துவத் துறைக்கு வெளியே இருந்த பேராசிரியர்களில் அப்படிச் சொன்னவர்கள் 19 சதவீதத்தினரே. கடைசியாக உண்ட இரவு உணவில் அந்த இறைச்சி இருந்ததா என்று கேட்டபோது, ஆம் என்றவர்கள் முறையே 37, 45 சதவீதம். கருத்தில் மலைக்கும் மடுவுக்குமாக இருந்த தூரம் சாப்பாட்டுத் தட்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஷ்விட்ஸ்கெபெல் தனியாகச் செய்த இன்னொரு ஆய்வில், பல்கலைக்கழக நூலகங்களில் மற்றத் தத்துவ நூல்களைவிட அறவியல் நூல்களே கூடுதலாகக் காணாமல் போயிருந்தன என்பதும் தெரியவந்தது. எடுத்தவர் ஆசிரியரா மாணவரா என்று தெரியாது. ஆனாலும் அந்த நூல்களை வேறு யார் தேடிப் போகப்போகிறார்கள்?

இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, உளவியலாளர்களான ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973இல் வெளியிட்ட, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த சோதனை. இறையியல் மாணவர்கள் சிலரிடம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிள் கதையில் வரும் நல்ல சமாரியனைப் பற்றிப் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு குறித்த வேறொரு தலைப்பு. போகும் சந்தில் ஒரு மனிதர் வாசற்படியில் சரிந்து, தலை கவிழ்ந்து, கண் மூடி, இருமிக்கொண்டு கிடந்தார். அவர் நடிக்க அமர்த்தப்பட்டவர் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் உதவினார்கள். உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள், ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதத்தினரே. சமாரியன் கதையை மனத்தில் ஓட்டிக்கொண்டு போனதால் பெரிய வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. சிலர் கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்தே அந்தக் கதையைச் சொல்லப் போனார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, நிற்காமல் போனவர்களில் பலர் சென்று சேர்ந்தபோது பதற்றத்தோடு காணப்பட்டார்கள் என்று ஆய்வாளர்களே குறித்திருப்பது. அவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. இரண்டு கடமைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, யார் குரல் உரக்கக் கேட்டதோ அவருக்குப் பணிந்தவர்கள்.

ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர் அறச்செயலை நான்காகப் பிரித்தார்: இங்கே ஓர் அறச்சிக்கல் இருக்கிறது என்று உணர்வது, எது சரி என்று தீர்மானிப்பது, மற்ற ஆசைகளுக்கு மேலாக அதை வைப்பது, இடையூறுகளைத் தாங்கி அதைச் செய்து முடிப்பது. பல்கலைக்கழக மானியக் குழு 2019 டிசம்பரில் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிய 30 மணி நேரப் பாடமும் சரி, அதன் தேர்வும் சரி, பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தொடுகின்றன. உங்கள் நெறியாளர் அதில் தவறவில்லை. மூன்றாவது படியில் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார்.

இருந்தாலும் பாடம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஷ்விட்ஸ்கெபெல், பிராட் கோக்லெட், பீட்டர் சிங்கர் மூவரும் ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1332 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை இறைச்சி உண்பதன் அறம் பற்றியும் மறுபிரிவை அறக்கொடை பற்றியும் விவாதிக்கச் செய்தார்கள். பிறகு வளாக உணவகங்களின் ரசீதுகளைப் பார்த்தார்கள். முதல் பிரிவினர் வாங்கிய உணவுகளில் இறைச்சி கொண்டவை 52 சதவீதத்திலிருந்து 45 ஆகக் குறைந்தன. மற்றப் பிரிவில் அது 52 ஆகவே நின்றது. குறைவுதான், ஆனால் வாய்ப்பேச்சு இல்லை, காசு கொடுத்து வாங்கியதன் கணக்கு. பேச்சு மறுநாள் மதிய உணவைப் பற்றியதாக இருந்ததும், மனம் மாறுவதற்கு எந்த மேலதிகாரியின் தயவும் தேவைப்படாததும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கோபிக்காமல் ஒன்றைக் கேளுங்கள். படிவத்தைப் பற்றி எழுதும்போது "அனுப்பியும்விட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "ஓம்" விகுதிக்குள் நீங்களும் இருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேர வகுப்பிலும் இருந்தீர்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு அவருடைய கையெழுத்து வேண்டும், அவருடைய கோப்புகளுக்குத் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அநேகமாகக் கையெழுத்திட்டிருப்பேன்.

அடுத்த கட்டுரையின் வேலையைத் தொடங்கும் நாளிலேயே, எந்தப் பகுதியை யார் செய்கிறார்கள், பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதை எழுதி, சரிதானா என்று நெறியாளரிடம் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். இதழுக்கு அனுப்பும் நாளில் கேட்டால் அவர் அவசரத்தில் இருப்பார்.