பதில்: மன்னார்குடியில் வீட்டிலேயே முன் பிரேக் ஹோஸ், பேட் மாற்றிய பிறகு வீல் உள்பக்கம் ஆயில் சொட்டுது

சார், கசிவு நிற்கும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீங்க.

முதல்ல காலிப்பரை (பேடை டிஸ்க் மேல அழுத்தும் பாகம்) தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைங்க. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கட்டும், எங்கே முதலில் ஈரமாகுதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹோஸ் மாற்றியதால் என் சந்தேகம் ஹோஸைக் காலிப்பரோட இணைக்கும் பேன்ஜோ போல்ட் மேலதான். அந்த போல்ட் நுழையும் ஹோஸ் முனை வளையத்துக்கு இருபக்கமும் ஒவ்வொன்றாக 2 செம்பு வாஷர் வேணும். ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியா அடைக்காது. பழசு ஒட்டியிருக்க அதன்மேலேயே புதுசு போட்டாலும் கசியும். கசியுதேன்னு இன்னும் முறுக்காதீங்க, போல்ட் முறியும். மேனுவல் சொல்லும் டார்க் (முறுக்கு அளவு) போதும்.

அங்கே காய்ந்திருந்தா, காற்று எடுக்கத் திறக்கும் பிளீடர் நிப்பிளைப் பாருங்க. காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி ஈரம்னா சீல் போயிருக்கும். வாய்க்கால் கரைச் சேறும் மழையும் டஸ்ட் பூட்டுக்குள் (பிஸ்டனை மூடும் ரப்பர் உறை) புகுந்து பிஸ்டன் துருப்பிடிச்சிருந்தா, பேட் மாற்ற உள்ளே தள்ளும்போதே சீல் கிழியும். சீல் கிட் போடுங்க. பெட்ரோல், சாதா கிரீஸ் ரப்பர்ல படவே கூடாது.

ஆயில் பட்ட பேடைத் துடைச்சுப் போடாதீங்க, இரண்டு முன் வீலிலும் புதுசு மாத்துங்க. கடைசியா, பிரேக் ஆயில் டேங்க் மூடியில் எழுதியிருக்கும் டாட் (DOT) வகை ஆயிலை சீல் உடையாத டப்பாவிலிருந்து ஊற்றி, பிளீடர் வழியா லைனில் உள்ள காற்றை எடுங்க.