கேஷ்: காசா, பெட்டியா?

கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து போனதுதானே சார்? மேடைக்கு மேடை சொல்கிறார்களே! (மேலூர்)

பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு உண்டு. ரொக்கம் என்கிற கேஷுக்கு மூலம் லத்தீன் 'காப்சா', அதாவது பெட்டி. இத்தாலி, பிரான்ஸ் வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. பணப்பெட்டியின் பெயர் உள்ளே கிடக்கும் பணத்துக்கு ஆகிவிட்டது. விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் "இன்னைக்குக் கல்லா பரவாயில்ல" என்றால் பெட்டியையா சொல்கிறார்கள்?

இன்னொரு கேஷ் சில்லறை நாணயம். அதுதான் நம்ம காசு. போர்த்துக்கீசியர் அதை 'காய்ஷா' ஆக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் காய்ஷா என்றாலும் பெட்டிதான்! அதிலிருந்து ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் இதே பெயரை வைத்துவிட்டார்கள்.

ஒருவேளை கேஷிலிருந்து காசு வந்திருக்குமோ? (திருமங்கலம், கல்லூரி மாணவி)

வாய்ப்பே இல்லை அம்மா. குறுந்தொகை 67ஆம் பாட்டைப் பாருங்கள். கிளி அலகில் பிடித்த வேப்பம்பழம், புதுநூல் கோக்க ஒருவன் கூர்நகத்தில் பிடித்த பொற்காசு மாதிரி இருக்கிறதாம். அப்போது ஆங்கிலம் என்றொரு மொழியே கிடையாது.

நான் 'கேஸ்' என்றால் மகன் சிரிக்கிறான். எப்படித்தான் சொல்வது? (உசிலம்பட்டி)

'ஏ' சொல்ல வாயை வைத்து, தாடையை இன்னும் கீழே இறக்கி, சட்டென்று முடியுங்கள். பேங்க் என்பதிலும் இதே ஒலிதான். கடைசியில் 'ஷ்' வேண்டும். அது 'ஸ்' ஆனால் ரொக்கம், சிலிண்டர், கோர்ட் வழக்கு மூன்றும் ஒன்றாகிவிடும். பெட்டி என்கிற கேஸ் மட்டும் ரொக்கத்துக்கு உறவுக்காரன், அதுவும் காப்சாவின் பிள்ளை. கோர்ட் கேஸ் வேறு குடும்பம். 'விழுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கம்ப்யூட்டரில் 'கேச்சி'யை அழி என்கிறார்களே, அது? (அண்ணா நகர்)

அதையும் 'கேஷ்' என்றே சொல்ல வேண்டும். ஒலி ஒன்று, ஊர் வேறு. 'ஒளித்து வை' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

கேஷ்யூ என்கிற முந்திரி? (திருப்பரங்குன்றம்)

விலையைத் தவிர காசோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியில் 'அகாஜு'. அதைப் போர்த்துக்கீசியர் 'காஜு' என்றார்கள். இந்திக்காரர் சொல்லும் காஜுவும் அதே சரக்குதான்.