கருவில் பட்ட பசியும் மகனின் நோயும்

கேள்வி: 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போய், ஒரு பாடசாலைக் கட்டடத்தில் பல குடும்பங்களோடு தங்கியிருந்தபோது என் மூத்த மகன் வயிற்றில் உண்டானான். கஞ்சியும் சம்பலுமாகவே அந்த மாதங்கள் கழிந்தன. பல நாட்களில் அதுவும் ஒரு நேரந்தான். 1996 ஆவணியில் பிறந்த அவனுக்கு இருபத்துநான்கு வயதில் மனச்சிதைவு நோய் என்று வைத்தியர்கள் கண்டார்கள். இப்போது மருந்தோடு ஓரளவு நன்றாக இருக்கிறான். கர்ப்பகாலத்தில் தாய் பட்டினி கிடந்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் மனநோய் வரும் என்று அண்மையில் ஒரு பத்திரிகையில் வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. என் பசிதான் அவனுக்கு நோயாக வந்ததா? என் மகள் இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. அந்தப் பிள்ளைக்கும் வருமா? குழந்தை பிறந்தால் மகனை வேறு வீட்டில் விடும்படி உறவினர் சொல்கிறார்கள். அது சரியா?
ஒரு தாய், யாழ்ப்பாணம்

பதில்: அன்பின் சகோதரிக்கு,

முதற் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் நோய்க்கு நீங்கள் காரணம் அல்ல. நீங்கள் வாசித்த செய்தியில் உண்மை இருக்கிறது. ஆனால், அந்த உண்மை எவ்வளவு என்பதை அளந்து பார்க்காமல் விட்டால் அது தாய்மாரைத் தேவையின்றி வதைக்கும். ஆகையால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 புரட்டாதியில் நெதர்லாந்தின் ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதற்குத் தண்டனையாக ஜேர்மானியப் படை அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தது. அம்ஸ்ரர்டாம், றொட்டர்டாம் போன்ற நகரங்களில் ஒருவருக்கான பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே போயிற்று; மக்கள் ரியூலிப் பூச்செடிக் கிழங்கையும் சீனி எடுக்கும் பீற்றூட்டையும் அவித்துத் தின்றார்கள். 1945 வைகாசியில் போர் முடிந்ததும் பஞ்சமும் முடிந்தது. எந்த வாரத்தில் எவ்வளவு உணவு பங்கிடப்பட்டது, எந்த நாளில் எந்தப் பிள்ளை பிறந்தது என்ற பதிவுகள் அந்த நாட்டில் அழியாமல் இருந்தபடியால், எஸ்ரா சஸ்ஸர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பிற்காலத்தில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆராய முடிந்தது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவில் உண்டாகி 1945இன் கடைசி மாதங்களில் பிறந்தவர்களிடையே, மனச்சிதைவு நோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்பட்டதென அவர்கள் 1996இல் வெளியிட்டார்கள். சீனாவில் 1959 முதல் 1961 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின் பின், அன்ஹுய் மாகாணத்தின் வூஹு பகுதியில் செய்த ஆய்வும் இதையே காட்டியது. பஞ்சம் தொடங்கிய 1959இல் பிறந்தவர்களில் 0.84 வீதமாக இருந்த அந்நோய், 1960இல் பிறந்தவர்களில் 2.15 வீதமாக இருந்தது.

இந்தக் கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள், சகோதரி. சீனாவின் அந்தக் கொடும் பஞ்சத்திலே பிறந்து உயிர் பிழைத்தவர்களிற்கூட, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேற்பட்டோருக்கு மனச்சிதைவு வரவில்லை. “இரண்டு மடங்கு” என்று பத்திரிகை எழுதும்போது எதற்கு இரண்டு மடங்கு என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். சிறிய ஆபத்து இருமடங்கானாலும் சிறியதாகவே இருக்கிறது. பெரும் மக்கள் தொகையில் ஒரு காரணி எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை இத்தகைய ஆய்வுகள் சொல்லும். இன்ன பிள்ளைக்கு இன்ன காரணத்தால் நோய் வந்தது என்று சொல்ல எந்த ஆய்வாலும், எந்த வைத்தியராலும் இயலாது. பரம்பரைக் கூறுகள், பிரசவ நேரச் சிக்கல்கள், கர்ப்பகாலத் தொற்றுகள், சிறுவயதில் கண்ட கொடுமைகள், வளரிளம் பருவத்துக் கஞ்சாப் பழக்கம் எனப் பல சேர்ந்தே இந்நோய்க்கு வழி செய்கின்றன. கடைசியாகச் சொன்னது எங்கள் ஊர்ப் பையன்களிடம் இன்று பரவி வருவதை எண்ணி நான் மிகவும் கவலைப்படுகிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990இலிருந்து பொருளாதாரத் தடைக்குள் இருந்த குடாநாட்டில், அதன் மேல் ஓரிரவில் இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தால் நடந்துபோன காலத்தில், நீங்கள் வயிறாரச் சாப்பிடாமல் இருந்தது உங்கள் விருப்பத்தால் நேர்ந்ததன்று. அந்தக் கஞ்சியைக் குடித்துப் பிள்ளையை உயிரோடு பெற்றெடுத்தீர்கள். போரின் பொறுப்பைத் தாயின் தலையில் ஏற்றும் எந்த வியாக்கியானத்தையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இனி உங்கள் மகளைப் பற்றிப் பார்ப்போம். பொதுவாக நூற்றுக்கு ஒருவர் அளவில் வரும் இந்நோய், தாய்மாமனுக்கு இருந்தால் நூற்றுக்கு நான்கு பேர் அளவுக்குக் கூடலாமெனப் பழைய குடும்ப ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது, உங்கள் பேரப்பிள்ளைக்கு வராமலிருக்கும் வாய்ப்பே மிக மிகக் கூடுதல். பரம்பரையை மாற்ற எங்களால் முடியாது. உணவை மாற்ற முடியும்.

கருவின் மூளைக்கு எதற்கு என்ன வேண்டுமென்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்த விடயம். மூளையும் முள்ளந்தண்டும் ஆகப்போகும் குழாய், கருவுற்று ஏறத்தாழ இருபத்தெட்டு நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குப் போலிக் அமிலம் தேவை. பல பெண்கள் தாம் கர்ப்பிணி என்று அறியுமுன்பே அந்தக் கட்டம் முடிந்துவிடுவதனாற்றான், பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே அந்தக் குளிசையைத் தொடங்கச் சொல்கிறார்கள். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார்; அதைப் பற்றி இனி அவரைக் கேள்வி கேட்க வேண்டாம். இப்போதிருந்து முக்கியமானது இரும்புச் சத்து. குழந்தையின் மூளை நரம்புகளுக்கு உறை உண்டாவதற்கும், நரம்புகள் செய்தி கடத்தும் இரசாயனங்கள் சீராக அமைவதற்கும் அது வேண்டும்; கர்ப்பத்தின் பிற்பாதியில் அதன் தேவை வெகுவாகக் கூடுகிறது. தைரொயிட் சுரப்புக்கு அயடின் வேண்டும். அயடின் சேர்த்த உப்பையே சமையலுக்கு எடுங்கள்.

கிளினிக்கில் இரும்புக் குளிசையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் நடப்பதுதான் சிக்கல். மத்தியானச் சோறு முடிந்த கையோடு குளிசையைப் போட்டு, அதன் மேலேயே சாயம் கூடிய ஒரு தேத்தண்ணீரையும் குடித்தால், தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலில் ஏறுவது சொற்பமே. தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கட்டும். கல்சியம் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. தேசிக்காய்த் தண்ணீரோ, ஒரு துண்டு கொய்யாப்பழமோ இரும்போடு சேர்ந்தால் நல்லது. அதுபோலவே திரிபோஷா. 1973 முதல் இந்நாட்டுத் தாய்மாருக்குக் கொடுக்கப்பட்டு வரும் அந்தச் சத்துமாப் பைக்கற் வீட்டுக்கு வந்ததும், உருண்டை பிடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுவிட்டுக் கர்ப்பிணிக்கு ஒன்றிரண்டை வைப்பது எங்கள் வீடுகளில் வழமை. பாசத்தால் செய்வதுதான், ஆனாலும் அது அவருக்கென்று அளந்து வந்த உணவு, அவரே சாப்பிட வேண்டும்.

மற்றபடி விலை கூடிய எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. முருங்கையிலை வறை, சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன்கள், பயறு, கௌபி, முட்டை, குரக்கன் பிட்டு, உழுத்தம்மாக் களி ஆகியவை போதும். “பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம், கொஞ்சமாகச் சாப்பிடு” என்று யாராவது சொன்னால் கேட்க விடாதீர்கள். பிரசவத்தின் பின் சரக்குக் கறி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் குளிர் என்று சொல்லிக் கீரையையும் பழத்தையும் அடியோடு நிறுத்துவது, பாலூட்டும் தாய்க்குச் செய்யும் தீங்கு.

உணவைவிடவும் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம் ஒன்று உண்டு. ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் நகரில், போதிய வளர்ச்சியின்றிக் குன்றிப்போயிருந்த 129 குழந்தைகளை 1980களின் நடுப்பகுதியில் தெரிந்தெடுத்து, சிலருக்கு மேலதிக பால்மா கொடுத்தார்கள். சிலரின் வீட்டுக்கு வாரந்தோறும் ஒரு சுகாதாரப் பணியாளர் போய், வீட்டில் கிடக்கும் பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. அவர்கள் பதினேழு, பதினெட்டு வயதானபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்த பிள்ளைகளிடம் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைவாகவும், தம்மைப் பற்றிய மதிப்புக் கூடுதலாகவும் இருந்தன. பால்மா மட்டும் கிடைத்தவர்களிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. குன்றியபின் கொடுத்த உணவு அந்த ஒரு விடயத்தில் போதவில்லை என்றே இதை விளங்கிக்கொள்ள வேண்டும். உணவே வேண்டாமென்று கொள்ளக்கூடாது. பேரப்பிள்ளையை மடியில் வைத்து முகம் பார்த்துக் கதைக்கவும், பாட்டுப் படிக்கவும், அதன் மழலைக்கு மறுமொழி சொல்லவும் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த வேலையைக் கைபேசியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

இனி மகனை வேறு வீட்டில் விடும் கேள்வி. மனச்சிதைவு தொற்று நோய் அல்ல. மருந்தை ஒழுங்காக எடுத்து, கிளினிக்குக்குத் தவறாமல் போய்வரும் ஒருவரை, வீட்டில் குழந்தை பிறக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வெளியே அனுப்புவது அநியாயம். அது அவருடைய நோயைக் கூட்டவும் கூடும். செய்ய வேண்டியது வேறு. பிரசவத்துக்கு முன்பே மகனின் வைத்தியரிடம் போய், வீட்டில் குழந்தை வரப்போகிறது, இரவில் சத்தமும் நித்திரைக் குழப்பமும் இருக்கும் என்று சொல்லுங்கள். நித்திரை கெடுவது இந்நோயைத் திரும்பக் கிளப்பும் காரணங்களில் ஒன்றென்பதால், மகன் படுக்கும் இடத்தைக் குழந்தையின் அறையிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். அவர் தனக்குள் பேசுவதோ, சந்தேகப்படுவதோ, சாப்பிட மறுப்பதோ கூடினால் கிளினிக் தினம் வரும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரவில் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம். குடும்பத்தில் இந்நோய் இருப்பதை மகளின் குடும்பநல உத்தியோகத்தரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் மகளின் நித்திரையையும் மனநிலையையும் அவர் கூடுதலாகக் கவனிப்பார். மருந்தோடு மகன் சீராக இருந்தால், நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு குழந்தையை அவர் மடியிலும் கொடுங்கள். மாமன் என்ற உரிமை அவருக்கும் உண்டு.