கேட் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது... இது குணமாகுமா?

கேள்வி: என் வயது 34. சிறு வயதில் அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவையும் என்னையும் அடிப்பார். அவர் இறந்து 10 வருடமாகிறது. இன்றும் இரவில் கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. கணவரின் குரல் கொஞ்சம் ஓங்கினாலும் கை, கால் மரத்துப் பேச்சே வருவதில்லை. மூளை பாதிக்கப்பட்டுவிட்டதா?

பதில்: குணமாகும், பயப்படாதீர்கள். தாழ்ப்பாள் சத்தம் வந்தால் அடுத்தது அடிதான் என்று அந்த வயதில் உங்கள் மூளை கற்றுக்கொண்டது. அன்றைக்கு அது சரியான பாடம். இன்றும் அதையே ஒப்பிக்கிறது.

ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி அமிக்டலா. பயத்திலேயே வளரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விழித்துக்கொள்ளப் பழகிவிடும். நடந்ததை இடம், காலத்தோடு பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ், சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்குச் சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அந்தப் பதிவு தடுமாறும்போது, பழைய பயம் இப்போதே நடப்பதுபோல உடம்பில் இறங்குகிறது. ஓடவும் எதிர்க்கவும் வழியில்லாத பிள்ளையின் உடம்பு உறைந்துபோகும். உங்கள் கை, கால் மரத்துப்போவது அதுதான். உங்கள் கணவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் குரலைத் தணித்து, கண்ணில் படும்படி முன்னால் வந்து நிற்கட்டும். பின்னாலிருந்து தொட வேண்டாம்.

இதற்காக எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேவையில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். படபடப்புக்கு அவையும் காரணமாகலாம்.

பயம் வந்ததும் இரு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். கண்ணை மூட வேண்டாம். 'எனக்கு 34 வயது, என் வீட்டுச் சமையலறையில் நிற்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள், 5 நிமிடம். வேகவேகமாகப் பெரிய மூச்சு இழுத்தால் தலைசுற்றும். பலரும் பதற்றம் வந்த பிறகுதான் இதை முதன்முதலாகச் செய்து பார்த்து, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நிம்மதியாக இருக்கும்போதே காலையும் மாலையும் பழகுங்கள்.

இது முதலுதவிதான். மன அதிர்ச்சிக்கென்றே உள்ள சிந்தனை-நடத்தை சிகிச்சை (பேச்சுவழிச் சிகிச்சை) அல்லது கண்களை இடவலமாக அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். சிகிச்சை வேண்டும். வாரம் ஒருமுறை, 60 முதல் 90 நிமிடம், பெரும்பாலும் 8 முதல் 16 அமர்வுகள். பல வருட அடிதடி என்றால் கூடுதலாகும். தூக்கமும் மூச்சும் சீரான பிறகே பழைய நினைவுகளைத் தொட வேண்டும். தொடும் வாரங்களில் கெட்ட கனவுகள் கூடலாம். இந்தக் கட்டத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள், வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு, பட்டப்பகலில் நீங்களே தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, பயம் தானாக வடியும்வரை அங்கேயே நிற்கும் பயிற்சி வரும். அமிக்டலாவுக்குப் புத்திமதி எட்டாது, அனுபவம்தான் எட்டும்.

மெடிக்கலில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அப்போதைக்கு அடங்கும், பழக்கமாகிவிடும், சிகிச்சையின் பலனையும் கெடுக்கும். தேவைப்பட்டால் மருத்துவர் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரை தருவார். பலன் தெரிய 4 முதல் 6 வாரமாகலாம், நீங்களாக நிறுத்தக்கூடாது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றைக்கே அழையுங்கள்.