உதடு முந்துதா, சத்தம் முந்துதா? டிவி கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் டிவி, ஹோம் தியேட்டர் வேலை செய்கிறவன் நான். ஓடிடியில் படம் பார்க்கும்போது படமும் சத்தமும் பொருந்தாமல் போவதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்கும் முன் வீட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்: சத்தம் முந்துகிறதா, பிந்துகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மஞ்சக்குப்பம்: சார், புதுசா 55 இன்ச் டிவி வாங்கினோம். ஃபயர் ஸ்டிக்கை பழைய ஹோம் தியேட்டர்ல சொருகி, அதுலேர்ந்து டிவிக்கு எச்டிஎம்ஐ போகுது. வாய் திறக்கறதுக்கு முன்னாடியே பேச்சு வந்துடுது. பழைய டிவியில இந்தத் தொல்லை இல்லையே?

தெளிவாகக் கேட்டீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இன்றைய டிவி, வந்த படத்தை வந்தபடியே காட்டுவதில்லை. சிறிய படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்குகிறது, புள்ளிகளைத் துடைக்கிறது, அசைவை வழுவழுப்பாக்குகிறது. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 42 மில்லி செகண்ட். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே புது ஃப்ரேம் ஒன்றை டிவி உண்டாக்க வேண்டுமென்றால், அடுத்த ஃப்ரேம் வரும்வரை அது காத்திருந்தாக வேண்டும். இப்படியே படம் பின்னால் போகிறது. சத்தம் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் வந்தால், டிவி தன் தாமதத்தைத் தானே அறிந்து சத்தத்தையும் அதே அளவு தாமதித்து விடும். உங்கள் வீட்டில் சத்தம் டிவிக்குப் போகும் முன்பே ஹோம் தியேட்டரில் பிரிந்து விடுகிறது. அதற்கு டிவியின் தாமதம் தெரியாது.

முதலில் டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், பிக்சர் செட்டிங்ஸில்தான் இருக்கும். கேம் மோடு போட்டால் தாமதம் இன்னும் குறையும், ஆனால் படத்தின் நிறம் சிலருக்குப் பிடிக்காது. மிச்சம் இருக்கும் வித்தியாசத்தை ஹோம் தியேட்டரின் ஆடியோ டிலேயில் பத்துப் பத்து மில்லி செகண்டாக ஏற்றுங்கள். ஒரே இடத்தில் மட்டும் மாற்றுங்கள். ஸ்டிக்கில் கொஞ்சம், ஹோம் தியேட்டரில் கொஞ்சம் என்று கை வைத்தால் எது எதைக் கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சரிபார்க்க டப்பிங் படத்தை வைக்காதீர்கள். நம் தமிழ்ப் படங்களிலேயே பெரும்பாலும் வசனம் பிறகு ஸ்டூடியோவில் பேசிச் சேர்த்ததுதான். ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்தி வாசிக்கிறவரை வைத்து, ப, ம இரண்டையும் கவனியுங்கள். இரண்டு உதடும் ஒட்டாமல் அந்த ஒலிகள் பிறக்காது. "புயல்", "மழை", "மீனவர்" என்று வாசிக்கும்போது உதடு பிரிவதும் சத்தமும் சேர்ந்து வந்தால் வேலை முடிந்தது.

நூல் பிடித்தாற்போல் பொருந்த வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் தந்த பரிந்துரைப்படி, சத்தம் 45 மில்லி செகண்ட் முந்தினாலே நமக்குத் தெரிந்துவிடும்; பிந்தினால் 125 வரை தெரியாது. காற்றில் சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகிறது. பத்து மீட்டர் தள்ளி ஒருவர் கை தட்டினால் 30 மில்லி செகண்ட் கழித்துத்தான் காதுக்கு வரும். பிந்தி வரும் சத்தத்துக்கு மூளை பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறது. முந்தி வரும் சத்தம் இயற்கையில் கிடையாது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு உறுத்துகிறது.

லாஸ்பேட்டை: அண்ணே, ப்ளூடூத் சவுண்ட்பார். சத்தம் லேட்டா வருது. டிவில ஆடியோ டிலேவைக் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாயிடுச்சு.

மோசமாகத்தான் ஆகும் தம்பி. ஆடியோ டிலே சத்தத்தைத் தாமதப்படுத்த மட்டுமே தெரிந்த செட்டிங். ஏற்கெனவே பிந்தி வருவதை அது முன்னால் தள்ளாது. உடனே பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ப்ளூடூத்தில் சத்தம் சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, அந்தப் பக்கம் விரிக்கப்பட்டுத்தான் வெளியே வருகிறது. எஸ்பிசி என்ற சாதாரணச் சுருக்கு முறையில் இதற்கே 200 மில்லி செகண்ட் வரை போய்விடும். யூட்யூப் மாதிரி சில ஆப்கள் இதைக் கணக்கிட்டுப் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டும். எல்லா ஆப்பும் அப்படிச் செய்யாது. உங்கள் சவுண்ட்பாரின் பின்னால் எச்டிஎம்ஐ ஆர்க் (டிவியின் சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ வாய்) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆப்டிகல். ஒரு ஒயரில் தீர்ந்துவிடும்.

பண்ருட்டி: படம் ஆரம்பத்துல சரியா இருக்கு. முக்கால் மணி நேரம் போனா சத்தம் தள்ளிப் போகுது. நிறுத்திட்டு ஓட விட்டா மறுபடி சரியாயிடுது. ஸ்டிக்கை டிவியோட யூஎஸ்பிலதான் போட்டிருக்கேன்.

கடைசி வரியில் நீங்களே பதிலைத் தொட்டுவிட்டீர்கள். பல டிவிகளின் யூஎஸ்பி வாய் 500 மில்லி ஆம்ப் தான் தரும். ஸ்டிக்குக்கு அது பற்றாது. கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் போடுங்கள். டிவிக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாமல் சூடேறினாலும் ஸ்டிக் திணறும். பெட்டியில் எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வந்திருந்தால் அதைப் போட்டுக் கொஞ்சம் வெளியே எடுத்து வையுங்கள். தேவையில்லாத ஆப்களையும் நீக்குங்கள். நேரம் போகப் போக வளரும் பிசகுக்கு டிலே செட்டிங்கைத் தொடவே கூடாது. அந்த செட்டிங் ஒரே அளவாக நிற்கும் பிசகுக்கு மட்டும்.

நெய்வேலி: சார், நீங்க டிவி மேலயும் ஸ்டிக் மேலயும் பழி போடறீங்க. எங்க வீட்டுல ராத்திரி எட்டு மணிக்கு மேல நெட் மெதுவானாத்தான் இது வருது. பகல்ல வர்றதே இல்லை. நெட்தான் காரணம்.

நெட் மெதுவானால் படம் நிற்கும், வட்டம் சுற்றும். சத்தமும் சேர்ந்தே நிற்கும். படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும், சத்தத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் எப்போது வெளியே வர வேண்டும் என்ற நேர முத்திரை உள்ளேயே இருக்கிறது. எம்பெக் என்ற வீடியோ முறையில் ஒரு நொடியை 90,000 பங்காக்கி அந்த நேரம் குறிக்கப்படுகிறது. துண்டு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தாலும் முத்திரை மாறாது. இரண்டையும் பொருத்துவது ஆப்பின் வேலை.

நெய்வேலி: வட்டமே சுத்தலை சார். படம் மங்கும், கொஞ்ச நேரத்துல தெளியும், அதுக்கப்புறம்தான் சத்தம் தனியா போகுது. அப்ப நெட்தானே?

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நல்லது. மங்கித் தெளிவது தரம் மாறுவது. நெட் குறைந்ததும் ஆப் 1080-லிருந்து 480-க்கு இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் படத்தை விரிக்கும் பகுதி தன்னை மறுபடி தயார் செய்ய வேண்டும். திறமான கருவி இரண்டு மூன்று ஃப்ரேமை விட்டுவிட்டு சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். திறம் குறைந்தது அந்தப் பிசகோடேயே ஓடும். நெட் மாறுவது சந்தர்ப்பம். பொருத்தத் தவறுவது டிவி. இன்று இரவு அதே நேரம், அதே வைஃபையில், அதே நிகழ்ச்சியை போனில் பாருங்கள்.

விருத்தாசலம்: நெய்வேலி நண்பர் சொல்றதுதான் சரி. ரூட்டர் மாத்தினதும் எனக்கு எல்லாம் சரியாச்சு.

ரூட்டர் மாற்றியபோது டிவியை சுவிட்சில் அணைத்துப் போட்டீர்கள், வைஃபையை மறுபடி சேர்த்தீர்கள், ஆப்பும் புதிதாகத் திறந்தது. இத்தனையில் எது சரி செய்தது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இந்த நம்பிக்கையில் எத்தனையோ பேர் மாதச் செலவைக் கூட்டிப் பெரிய ப்ளானுக்குப் போகிறார்கள், பிசகு அப்படியே இருக்கிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரெட்டியார்பாளையம்: ப்ளூடூத் ஹெட்போன்ல சத்தம் லேட்டா வருது, என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நெய்வேலி: போன்ல பார்த்தேன் சார். மங்கித் தெளிஞ்சுது, ஆனா சத்தம் சரியா இருந்துது. டிவியில அதே நேரம் தள்ளிப் போச்சு. அப்ப டிவியை மாத்தணுமா?

பொறுமையாகச் சோதித்ததற்கு நன்றி. டிவியை மாற்ற வேண்டாம். ரிமோட்டில் அணைப்பது அணைப்பு ஆகாது. சுவரில் சுவிட்சை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். டிவியின் சாஃப்ட்வேரையும் ஆப்பையும் அப்டேட் செய்யுங்கள், ஆப்பின் கேஷை (அது சேர்த்து வைத்த தற்காலிகத் தகவலை) அழியுங்கள். பிறகும் வந்தால் ஆப்பில் தரத்தை ஒரே அளவில் நிறுத்துங்கள், 720 போதும். ரூட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் ஒயர் போடுங்கள். தரம் ஏறி இறங்காவிட்டால் பிசகு வரும் வாய்ப்பே குறையும். அப்படியும் விடவில்லை என்றால் தனி ஸ்டிக் ஒன்று போதும்.

தேவனாம்பட்டினம்: ஒயரை அசைச்சா சத்தம் விட்டு விட்டு வருது, வந்த பிறகு பொருந்தல.

கடற்கரை வீடு. உப்புக் காற்றில் எச்டிஎம்ஐ முனை பச்சை பிடித்திருக்கும். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். ஒயரை மாற்றுங்கள், சுரண்டாதீர்கள். டிவியின் வாயிலும் பச்சை இருந்தால் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

குருசுக்குப்பம்: பாரிஸ்ல இருக்கற மாமா சவுண்ட்பார் கொண்டு வந்தாரு. அந்த ஊர் சாமான்ங்கறதால பொருந்தலையா? ஆப்டிகல்லதான் போட்டிருக்கேன்.

ஊர் காரணம் இல்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆப்டிகல் ஒயர் சத்தத்தை மட்டும் கொண்டுபோகும். எவ்வளவு தாமதம் என்று டிவியும் சவுண்ட்பாரும் பேசிக்கொள்ள அதில் வழி இல்லை. அந்த வசதி எச்டிஎம்ஐயில் 2006-ல் 1.3 பதிப்போடு வந்தது, ஆர்க்கின் புதிய வடிவமான இஆர்க்கில்தான் கட்டாயமானது. சத்தம் பிந்தினால் டிவியின் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்முக்கு, அதாவது சுருக்காத சத்தத்துக்கு, மாற்றுங்கள். டால்பியாக அனுப்பினால் சவுண்ட்பார் விரிக்க நேரம் எடுக்கும், பிசிஎம் விரித்தே வரும். ஆனால் ஆப்டிகலில் பிசிஎம் இரண்டு சேனல்தான், சுற்றுச் சத்தம் போய்விடும். பேச்சு பொருந்துவது முக்கியம் என்றால் அதையே வையுங்கள்.

முதலியார்பேட்டை: ப்ளூடூத் ஸ்பீக்கர்...

மூன்றாவது முறை. ப்ளூடூத்துக்கு இனி பதில் கிடையாது. ஒயர் போடுங்கள்.

வில்லியனூர்: பக்கத்து வீட்ல டிடிஎச். அவங்க விக்கெட்னு கத்தின பிறகுதான் எங்க போன் ஆப்ல பந்தே போடறாங்க.

அது வேறு விஷயம். உங்கள் ஆப்பில் படமும் சத்தமும் சேர்ந்தே பிந்துகின்றன. நேரலையைத் துண்டு துண்டாகச் சேமித்துத் தருவதால் வரும் தாமதம்; எந்த செட்டிங்கும் அதைப் போக்காது.

சிதம்பரம்: கொரியன் தொடரைத் தமிழ்ல பார்க்கறேன். எந்த டிவியில போட்டாலும் உதடு பொருந்தல.

டப்பிங். தொடரின் ஆடியோவைக் கொரிய மொழிக்கு மாற்றிப் பாருங்கள், பொருந்தினால் டிவியில் குறை இல்லை. இன்று இதே காரணத்துக்காக இன்னும் சிலர் தனியே கேட்டிருக்கிறார்கள். டப்பிங்கை வைத்து செட்டிங்கைத் திருகினால் நன்றாக இருந்த செய்தியும் கெட்டுப் போகும். தயவுசெய்து வேண்டாம்.

பரங்கிப்பேட்டை: கல்யாண வீடியோ, போன்ல எடுத்தது. எடிட் பண்ணி டிவியில போட்டா போகப் போக சத்தம் விலகுது.

போன் ஒரே சீராக ஃப்ரேம் எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும். எடிட் செய்தவரிடம் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி எடிட் செய்யச் சொல்லுங்கள். மேற்கொண்டு என் துறை இல்லை.

திருப்பாதிரிப்புலியூர்: எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு சார். எந்த செட்டிங்கை எங்க மாத்தினேன்னே இப்ப ஞாபகம் இல்லை.

டிவியில் சவுண்ட் ரீசெட் கொடுங்கள். ஸ்டிக்கில் ஏவி சிங்க் ட்யூனிங்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள், சவுண்ட்பாரையும் ரீசெட் செய்யுங்கள். சவுண்ட்பாரைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் செய்தி பாருங்கள். அதில் பொருந்தினால் குறை சவுண்ட்பார் பக்கம். பொருந்தாவிட்டால் ஸ்டிக்கையும் கழற்றி டிவியின் சொந்த ஆப்பில் பாருங்கள். இரண்டு சோதனையின் முடிவையும் எழுதுங்கள், நாளை சொல்கிறேன்.